என்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் என்னவாகும்?

கேள்வி:
வெள்ளத்தில் கூரைமேல் தவிப்பவர்களையும் மலைச்சரிவில் அடிபட்டுக் கிடப்பவர்களையும் தூக்கிவர ஹெலிகாப்டரை விட்டால் பெரும்பாலும் வேறு வழியில்லை. ஆனால், நடுவானில் என்ஜின் நின்றால் விமானம் சற்றுத் தொலைவு மிதந்து செல்லும் என்றும் ஹெலிகாப்டர் அப்படியே விழுந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். இது உண்மையா? இதில் உண்மையில் அஞ்ச வேண்டியது எது?

மறுமொழி 1:
உண்மையன்று. என்ஜின் நின்றதும், மேலே சுழலும் இறகுத் தொகுதியான ரோட்டார் அதன் பிடியிலிருந்து விடுபட்டுத் தனியே சுழலும். விமானி இடக்கைப் பக்கமுள்ள நெம்புகோலை உடனே தாழ்த்தி இறகுகளின் சாய்வைக் குறைத்தால், இறங்கும்போது கீழிருந்து மோதும் காற்றே அவற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரையை நெருங்குகையில் மூக்கைத் தூக்கி வேகத்தைத் தணித்து, கடைசியில் அதே நெம்புகோலை உயர்த்தினால், சுழற்சியில் சேர்ந்திருந்த ஆற்றல் இறக்கத்தை மெதுவாக்கிவிடும். ஆட்டோரொட்டேஷன் எனப்படும் இம்முறையை விமானிகள் பயிற்சிக் காலத்திலேயே பழகுகிறார்கள். சிறிய ஹெலிகாப்டர்களில் நெம்புகோலைத் தாழ்த்த ஓரிரு நொடிகளே கிடைக்கும் என்பதால், கை பழகியிருப்பது மிக முக்கியம்.

மறுமொழி 2:
விளக்கம் சரிதான், ஆனால் அதற்குப் போதிய உயரமாவது வேகமாவது கையிருப்பில் இருக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட மீட்புப் பணியிலோ, சில பத்து மீட்டர் உயரத்தில் அசையாமல் நின்றபடி கயிற்றில் ஆளை ஏற்றும்போது, இரண்டுமே இருக்காது. எந்தத் திறமைக்காக அதை அழைக்கிறோமோ அதிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. மீட்புப் பணிக்கு இரட்டை என்ஜின் ஹெலிகாப்டர்களை விரும்புவதற்கு இது முக்கியக் காரணம். தாழப் பறக்கும்போது குறுக்கே செல்லும் மின்கம்பிகளும் கடைசி நேரம்வரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மறுமொழி 3:
என்ஜினைவிட நான் அஞ்சுவது மேகத்தைத்தான். 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவின் கலாபாசஸ் அருகே கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்தில், என்ஜின்கள் பழுதானதற்கான தடயமே கிடைக்கவில்லை. கண்பார்வையை நம்பிப் பறந்த விமானி மேகத்துக்குள் நுழைந்து, மேல் எது, கீழ் எது என்ற உணர்வை இழந்தார் என்றே விசாரணை முடிவு கூறியது. வானிலை சரியில்லை என்று விமானி தயங்கினால், பயணி ஒருபோதும் அவரை அவசரப்படுத்தக் கூடாது.

மறுமொழி 4:
தரையிலும் கவனம் தேவை. சுழலும் வால் ரோட்டார் கண்ணுக்கே தெரியாது என்பதால் பின்புறம் செல்லவே கூடாது. விமானி சைகை காட்டிய பிறகு, அவர் பார்வையில் படும்படி, குனிந்து முன்பக்கமாக அணுகுங்கள். சரிவில் நிற்கும் ஹெலிகாப்டரை மேட்டுப் பக்கத்திலிருந்து நெருங்கினால் முதன்மை ரோட்டாரே தலையில் வெட்டக்கூடும். எப்போதும் பள்ளத்துப் பக்கமாகவே வர வேண்டும்.