என்எம்ஆர் எடுத்துக் கொடுத்தவருக்குப் பேப்பர்ல பேர் உண்டா?

நாஞ்சில்வாசி: நேத்து இங்க ஒருத்தர் பெருமையா எழுதியிருந்தார்: "எங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ல எந்தப் பேப்பர எடுத்தாலும் எட்டுப் பேரு இருக்கும், அதான் கூட்டு ஆராய்ச்சி." படிச்சதும் எரிச்சல் வந்துட்டு. அதுல ஒருத்தர் என்எம்ஆர் மெஷின்ல, அதான் காந்தப்புலத்துல வச்சு ஒரு காம்பவுண்டோட அமைப்பக் காட்டுத கருவில, சாம்பிள் வச்சதோட சரி. அதுக்குப் பேரா?

குளச்சல்காரன்: எழுதுனது நான்தான் அண்ணாச்சி. மெஷின் தானா ஓடுமா? என்எம்ஆர் இல்லாம ஒங்க காம்பவுண்டு என்னன்னு எப்படிச் சொல்லுவிய?

நாஞ்சில்வாசி: நாகர்கோவில்லேருந்து சென்னை ஐஐடிக்கும் கொச்சிக்கும் சாம்பிள் அனுப்புதோம், காசு கட்டுதோம், ஸ்பெக்ட்ரம், அதான் மெஷின் வரைஞ்ச கோட்டுப் படம், வருது. அங்க எடுத்தவருக்கு நன்றின்னு ஒரு வரி. பக்கத்து ரூம்ல எடுத்தா மட்டும் பேர் எதுக்கு?

குளச்சல்காரன்: அந்தப் படத்துல மேல எழும்பி நிக்க ஒவ்வொரு பீக்கும் எதுக்குள்ளதுன்னு பிரிச்சுச் சொன்னது யாரு? அதுவும் மெஷினா?

நாஞ்சில்வாசி: ஒங்க பேப்பர்ல பிரிச்ச லட்சணத்தப் பாத்தாச்சு. டியூட்டிரியம் குளோரோஃபார்ம்ங்க கரைப்பான்ல சாம்பிளக் கரைச்சு எடுத்த புரோட்டான், அதான் ஹைட்ரஜன், ஸ்பெக்ட்ரம். படத்தோட அளவுகோல்ல 7.26 பிபிஎம்ல ஒத்தையா நிக்க பீக்கு கரைப்பான்ல மிஞ்சுன சாதா குளோரோஃபார்ம். அத பென்சீன் வளையத்துப் புரோட்டான்னு எழுதியிருக்காவ. எட்டுப் பேர்ல ஒருத்தராவது வாசிச்சிருந்தா அது அச்சுல வருமா?

விளவங்கோடு: சாரே, கூட்டுன்னா வெளியாளோட செய்யணும். நாங்க திருவனந்தபுரம் பாப்பனங்கோடு ஆய்வகத்துக்குப் பஸ்ல போய்ட்டு வருவோம். நீங்க திருநெல்வேலி அபிஷேகப்பட்டில இருக்க மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையே பாத்துட்டுக் கெடங்க.

குளச்சல்காரன்: 1956 நவம்பர் 1-ல நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தாச்சு, இவருக்கு இன்னும் திருவனந்தபுரம்தான் தலைநகரம்.

விளவங்கோடு: பஸ் எங்க போவுதோ அங்கதான போவ முடியும்? இதுல மாநிலத்த இழுக்காதேயும்.

நாஞ்சில்வாசி: ரெண்டு பேரும் பேச்ச மாத்தாதிய. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுல மோனசைட்டுங்க தாது கெடக்கு. செரியம், லாந்தனம், தோரியம் எல்லாம் அதுல உண்டு. பிரிச்செடுக்க இனார்கானிக் ஆளு, அளந்து பாக்க அனலிட்டிக்கல் ஆளு, ரெண்டு பேரும் மண்டைய ஒடைச்சா அது கூட்டு. சாம்பிள் வச்சுக் குடுக்கது உதவி.

குளச்சல்காரன்: மண்ணப் பத்தி யாரு கேட்டா? பேப்பர்ல யாரு என்ன செஞ்சான்னு குறிக்க 'கிரெடிட்'னு 14 வகைப் பங்களிப்புப் பட்டியல் இருக்கு. சோதனை செய்யதும் தரவு எடுக்கதும் அதுல உண்டு. எடுத்துக் கொடுத்தவருக்குப் பேர் உண்டு!

நாஞ்சில்வாசி: அந்தப் பட்டியல் ஆசிரியர் என்ன செஞ்சார்னு சொல்லும். யாரு ஆசிரியர்னு முடிவு பண்ணாது. சாம்பிள் வச்சவருக்குப் பேர் கிடையாது. அது போட்டும், எட்டாவதா துறைத்தலைவர் பேர் வருதே, அவரு அந்த லேபுக்குள்ள வந்ததுண்டா?

குளச்சல்காரன்: அவரப் பேச ஒமக்கு என்ன தகுதி ஓய்?