வெள்ள நிவாரணப் பணத்துக்குக் கணக்கு கேட்டால் ஏன் கோபம் வருது?

துபாய்த்தம்பி:
2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் தண்ணியில் கிடந்தபோது, நம்ம ஊர் நலச்சங்கம் கேட்டது என்று இங்கே ரூமில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பினோம். இன்றுவரை வந்த கணக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தாள். அரிசி, பாய், போர்வை, வண்டி வாடகை, இதர செலவு. அந்த இதர செலவு அரிசியைவிடப் பெரிசு. பில் எங்கே என்று கேட்டேன், குரூப்பிலிருந்தே தூக்கிட்டாங்க.

ஆத்தங்கரை அண்ணாச்சி:
தம்பி, அன்னைக்கு கரண்ட் இல்லை, டவர் இல்லை, இடுப்பளவு தண்ணியில் மூட்டை சுமந்துட்டுப் போனோம், டிராக்டர்காரர்கிட்ட ரசீதா கேட்க முடியும்? செயலாளர் கைக்காசும் போட்டிருக்கார். அப்புறம், நீங்க நன்கொடை கொடுத்தவர்தான், உறுப்பினர் இல்லை. உறுப்பினர்கள் கேட்கட்டும், சொல்றோம்.

பாளை கணக்குப்பிள்ளை:
நான் உறுப்பினர், கேட்கிறேன். பில் கிடைக்காத செலவுக்கு வவுச்சர் எழுதணும் அண்ணாச்சி. டிராக்டர்காரர் பெயர், தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு, அவர் கையெழுத்து, கூட நின்ற ஒருத்தர் கையெழுத்து. தண்ணி வடிந்த வாரத்திலேயே முடிந்திருக்கும் வேலை. செயலாளர் போட்ட காசையும் வரவில் எழுதலாம், எழுதாமல் விட்டால் நாளைக்கு அதைத் திரும்பக் கேட்க அவருக்கே ஆதாரம் இருக்காது.

1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவுக்குப் பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் கிடையாது, வேணும்னா மறுபடி தேர்ந்தெடுக்கலாம். நம்ம பொதுக்குழு எப்போது கூடிச்சு? மினிட் புத்தகம் எங்க வீட்டுத் திண்ணைக்கே வந்தது, தீர்மானம் எழுத மேலே பாதிப் பக்கம் காலியாக விட்டு, கீழே கையெழுத்துப் போடச் சொன்னாங்க.

ஆத்தங்கரை அண்ணாச்சி:
கூட்டம் போட்டால் வந்தால்தானே! நோட்டீஸ் ஒட்டி, டீ சொல்லி வைத்துக் காத்திருந்தால் நாலு பெரிசுகள் வருவாங்க. வேலைக்கு ஆள் இல்லை, கேள்விக்கு மட்டும் ஆயிரம் பேர். இப்படியே பேசினால் அடுத்த வெள்ளத்துக்கு எவன் இறங்குவான்?

முக்கூடல்காரன்:
கோயில் கொடை விழாவுக்கு வரி பிரித்தால் எட்டாம் கொடை முடிந்ததும் மைக்கில் வரவு செலவு வாசிக்கிறோம், வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு என்று. அங்கே கேட்டால் யாருக்கும் கோபம் வரலையே. இன்னொரு விஷயம், சிங்கப்பூர் குடியுரிமை வாங்கின நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் அதே கணக்கில் பணம் போட்டதாகக் கேள்வி. துபாய்த்தம்பி மாதிரி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வங்கி வழியாகச் சொந்தச் சேமிப்பை அனுப்பினால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர்க்காரர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேணும். நம்ம சங்கத்துக்கு இருக்கா?

பாளை கணக்குப்பிள்ளை:
இல்லை. அண்ணாச்சி, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் மனு கொடுத்தால் பதிவாளர் விசாரணை வைக்கலாம், அந்தச் சங்கங்கள் பதிவுச் சட்டத்திலேயே பிரிவு 36. அதுவரை போக எனக்கு விருப்பமில்லை, ஆனால் பேப்பர் தயாராகுது.

ஆத்தங்கரை அண்ணாச்சி:
மிரட்டுதீங்களா? ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாங்க, ரசீதுப் புத்தகம், அடிக்கட்டை எல்லாம் பீரோவில் இருக்கு. போட்டோ மட்டும் எடுக்கக் கூடாது.

துபாய்த்தம்பி:
அப்போ நான் எப்படி அண்ணாச்சி பார்க்க?