ஒரே யூஎஸ்பி அச்சுப்பொறியை இரண்டு கணினிகளுக்குப் பகிர்ந்த அனுபவம்

எங்கள் வீட்டில் மேசைக் கணினி ஒன்றும் தங்கையின் மடிக்கணினி ஒன்றும் உள்ளன. ஸ்கேனரும் சேர்ந்த லேசர் அச்சுப்பொறி ஒன்று இரண்டுக்கும் பொது. அதில் வைஃபை கிடையாது, யூஎஸ்பி இணைப்பு மட்டுமே உண்டு. தொடக்கத்தில் கேபிளைக் கழற்றி மாட்டியே காலம் ஓட்டினோம். மடிக்கணினியில் ஒரு சமயம் இடப்பக்கத் துளையிலும் இன்னொரு சமயம் வலப்பக்கத் துளையிலும் செருக நேர்ந்ததால், விண்டோஸ் அதே அச்சுப்பொறியைப் புதியதென்று எண்ணி, பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று சேர்த்துப் பட்டியலில் இரண்டாவதாக வைத்துக்கொண்டது. அதன்பின் அச்சுக்குக் கொடுத்தவை பழைய பெயருக்கே சென்று, ‘ஆஃப்லைன்’ என்ற குறிப்புடன் வரிசையில் தேங்கின.

இதற்கு ஹப் போதுமே என்று பலர் சொல்வார்கள், போதாது. ஒரு கணினியில் பல கருவிகளை இணைப்பதற்குத்தான் ஹப். யூஎஸ்பி முறையில் ஒரு கருவியை ஒரு நேரத்தில் ஒரு கணினி மட்டுமே ஆள முடியும். இரண்டு கணினிகளையும் ஒரே துளைக்குக் கொண்டுவரும் ஒய் வடிவக் கேபிளை யாரும் வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். இரு கணினிகளின் 5 வோல்ட் மின்சாரமும் அதில் ஒன்றோடொன்று மோதும். துளைகள் பழுதாகவும் கூடும்.

ஆகவே இரண்டு கணினிகளுக்கு நடுவில் வைக்கும் யூஎஸ்பி ஸ்விட்ச் ஒன்றை வாங்கினோம். பொத்தானை அழுத்தினால் அச்சுப்பொறி அடுத்த கணினிக்கு மாறும். எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சிறு விளக்கு காட்டும். மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஸ்கேன் செய்வதும் இரு கணினிகளிலும் நடக்கும். ஆனால் பொத்தானை அழுத்துவதும் கேபிளைப் பிடுங்குவதும் அச்சுப்பொறிக்கு ஒன்றுதான். பல பக்கங்கள் கொண்ட ஆவணம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஸ்விட்ச் மாற்றப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் பாதியில் நின்றது. திரும்ப மாற்றியதும் தாளின் உச்சியில் பொருளற்ற குறிகள் ஒரு வரி மட்டும் விழுந்து, மற்ற இடமெல்லாம் வெள்ளையாக, தாள் தாளாக வெளியே வரத் தொடங்கின. அப்போது அச்சுப்பொறியை மட்டும் அணைத்தால் போதாது. முதலில் அதை அணைத்து, கணினியில் அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி, வரிசையில் எஞ்சியிருப்பதை நீக்கி, சேவையை மறுபடி தொடங்கிய பிறகே அச்சுப்பொறியை இயக்க வேண்டும்.

இப்போது அச்சிடுவதற்கு விண்டோஸின் பகிர்வு வசதியையே பயன்படுத்துகிறோம். அச்சுப்பொறி மேசைக் கணினியிலேயே நிலையாக இருக்கிறது. அதன் பண்புகளில் ‘ஷேரிங்’ பகுதியில் இடைவெளி இல்லாத சிறு பெயர் கொடுத்து, மடிக்கணினியில் அந்தப் பெயரைத் தேடிச் சேர்த்தோம். இரு கணினிகளும் ஒரே ரவுட்டரில் இருப்பதோடு, அந்த வலையமைப்பு இரண்டிலும் ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். மடிக்கணினி கடவுச்சொல் கேட்டபோது, விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் பின் (PIN) எண்ணை ஏற்கவில்லை, அது அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். மேசைக் கணினியில் உள்ள பயனர் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் இணைந்தது. பாதுகாப்பு கருதி 2021 செப்டம்பரில் வெளியான விண்டோஸ் புதுப்பிப்புகளுக்குப் பின் பகிர்ந்த அச்சுப்பொறிகள் பல இடங்களில் இணைய மறுத்தன. ஒரு கணினியைப் புதுப்பித்து மற்றொன்றைப் பழையபடி விட்டவர்கள் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. மேசைக் கணினி உறங்கினால் மடிக்கணினியால் அச்சிட இயலாது என்பதால், அதன் உறக்க அமைப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஸ்கேனரை இந்தப் பகிர்வு கொடுப்பதில்லை. தங்கைக்கு ஸ்கேன் வேண்டுமானால் மேசைக் கணினியில்தான் செய்ய வேண்டும். அடிக்கடி ஸ்கேன் செய்பவர்களுக்கு ஸ்விட்ச்சே பொருத்தம் என்பது என் கருத்து.

மறுமொழி:

தங்கள் விளக்கத்துடன் மூன்றாவது வழி ஒன்றையும் சேர்க்கிறேன். எந்தக் கணினியும் எப்போதும் இயங்க வேண்டாம் என்பதற்காக அச்சுப்பொறியை நேரடியாக வலையமைப்பில் சேர்க்கும் பிரிண்ட் சர்வர் பெட்டி ஒன்றை நான் ரவுட்டரில் இணைத்தேன். சாதாரண ஆவணங்கள் நன்றாகவே அச்சாயின. ஆனால் டோனர் அளவும் ‘தாள் இல்லை’ என்ற எச்சரிக்கையும் கணினிக்கு வரவில்லை. பக்கத்தை வடிவமைக்கும் வேலை முழுவதையும் கணினியிடமே விட்டுவிடும் மலிவு வகை அச்சுப்பொறிகள் இத்தகைய பெட்டிகள் பலவற்றோடு ஒத்துப்போவதில்லை. நண்பர் ஒருவரின் அச்சுப்பொறி அந்த வகை. அதற்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்ததால், லினக்ஸில் ஓடும் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில், அச்சுப்பொறியைப் பகிர உதவும் கப்ஸ் (CUPS) மென்பொருளை நிறுவிக் கொடுத்தேன். இரண்டு கணினிகளும் அதன் வழியே அச்சிடுகின்றன. பெட்டி வாங்கும் முன் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தங்கள் மாடல் எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறு கருவியாக இருக்கலாம்.