17 வருடம் கூடவே வந்த அணி. இனி எப்படிப் பார்ப்பது?

கடைசிவரிசை:

அணியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த அணிக்கும் எதிரணிக்குமான வழக்கமான சண்டையாகிவிடும், நான் கேட்க வந்தது காணாமல் போய்விடும். கால்பந்து அணி, அவ்வளவு போதும்.

17 வருடமாகப் பார்க்கிறேன். நாங்கள் தொடர்ந்து 9 ஆட்டம் தோற்ற வருடமும் இருந்தேன், நாங்கள் கடைசி நிமிட கோலில் கோப்பை தூக்கிய வருடமும் இருந்தேன். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்று தூக்கம் வராமல் புள்ளிப் பட்டியலைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்த இரவுகள் எல்லாம் உண்டு.

போன மாதம் ஒரு செய்தி வந்தது. அணியில் வேலை பார்த்த ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட், துணைப் பயிற்சியாளர் ஒருவர் அத்துமீறி நடந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். ஒருமுறை அல்ல, மூன்று முறை, எழுத்தில். முதல் புகார் போய் 7 மாதம் ஆகிறது. அந்த 7 மாதத்தில் அவர்கள் செய்தது என்னவென்றால், அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள், புகார் கொடுத்தவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். செய்தி வெளியே கசிந்த பிறகு, வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் அறிக்கை. ஐந்தே வரி. "கிளப்பின் நற்பெயர்" அதில் இரண்டு இடத்தில் வருகிறது. புகார் கொடுத்தவர் என்று ஒரு மனுஷி இருப்பதே அந்த ஐந்து வரியில் தெரியவில்லை. விஷயம் "உள்ளுக்குள்ளேயே தீர்க்கப்பட்டுவிட்டது" என்று முடித்துவிட்டார்கள். யார் தீர்த்தது, யாருக்குத் தீர்ந்தது?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் கை தானாகப் போட்டுவிட்டது. முதல் கோல் விழுந்ததும் எழுந்து கத்திவிட்டேன். அப்புறம் கேமரா பெஞ்சுக்குத் திரும்பியது, அந்த ஆள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நானும் அதே நேரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்மேல் இருக்கும் புகார் உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது, அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். எனக்கு மனசு விட்டுப்போனது கிளப் நடந்துகொண்ட விதத்தில்தான். இந்த மாதிரி நிலைமையில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விட்டுவிட்டீர்களா, தொடர்ந்து பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால், எப்படி முடிந்தது?

விசில்ராஜா:

சகோ, எந்த அணியில் இல்லை சொல்லுங்கள்? தோண்டினால் எல்லா இடத்திலும் ஏதாவது கிடைக்கும். நான் 90 நிமிடம் ஆட்டத்தை மட்டும் பார்ப்பேன், விசில் ஊதினால் டிவியை அணைத்துவிடுவேன். அறிக்கை எல்லாம் படிக்கவே மாட்டேன். ரொம்ப உறுத்தினால் வேறு அணிக்கு மாறிக்கொள்ளுங்கள், சட்டை மாற்றுவது போலத்தான்.

மூன்றாம்நடுவர்:

சட்டை மாற்றுவது போல இருந்தால் அவர் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டாரே.

கடைசிவரிசை, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன், ஒன்றைக் கவனித்தேன். இரண்டாவது பத்தியில் "நாங்கள் தோற்ற வருடம்", "நாங்கள் கோப்பை தூக்கிய வருடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே "அவர்கள் செய்தது" என்று மாறிவிட்டது. தெரிந்து மாற்றினீர்களா?

இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1976இல் வெளியிட்டது. பல்கலைக்கழக அணி ஜெயித்த வாரத்துக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை, பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடையில் வகுப்புக்கு வருகிறவர்கள் கூடுகிறார்கள். மாணவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஆட்டம் என்ன ஆனது என்று கேட்டால், ஜெயித்த ஆட்டத்துக்கு "நாங்கள்" அதிகமாக வருகிறது, தோற்ற ஆட்டத்துக்கு "அவர்கள்". ரசிகன் என்றால் ஜெயிக்கிற பக்கம் ஒட்டிக்கொள்கிறவன்தான் என்று சொல்ல இதை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனால் நீங்கள் 9 ஆட்டம் தோற்றதற்கும் "நாங்கள்" போட்டிருக்கிறீர்கள். தோல்வியைப் பங்கு போட்டுக்கொள்ள உங்களுக்குக் கஷ்டமே இல்லை. இந்த ஒன்றைத்தான் பங்கு போட முடியவில்லை. அதனால் "நான் நிஜமான ரசிகன் இல்லையோ" என்று மட்டும் உங்களை நீங்களே குடைந்துகொள்ளாதீர்கள்.

அறிக்கைக்காரன்:

இந்த மாதிரி அறிக்கை எழுதும் வேலையைச் சில வருடம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன் (கால்பந்து இல்லை, வேறு விளையாட்டு, அந்த வேலையில் இப்போது இல்லை). வெள்ளி இரவு பதினொன்றரை என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை பத்திரிகைக்கு அது பிந்திவிடும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வந்து தலைப்பைப் பிடித்துக்கொள்ளும், திங்கட்கிழமைக்குள் அது பழைய செய்தி. அறிக்கையின் முதல் வரைவில் பெரும்பாலும் மனிதர்கள் இருப்பார்கள். "அவருக்கு ஏற்பட்ட வேதனைக்கு வருந்துகிறோம்" என்று யாராவது எழுதித்தான் அனுப்புவார்கள். வக்கீல் அதை அடிப்பார், ஏனென்றால் வேதனை ஏற்பட்டது என்று எழுதினால் நடந்ததை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமாம். ஸ்பான்சரைக் கவனிக்கிறவர் இன்னொரு வரியை அடிப்பார். கடைசியில் மிஞ்சுவது நற்பெயர் மட்டும்தான். உங்கள் ஐந்து வரி அப்படித்தான் ஐந்து வரியாகியிருக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படித்தான் முடிகிறது என்று சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சில் கேப்டவுனில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி பந்தைச் சுரண்டி மாட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை அவர்களும் பொய்தான் சொன்னார்கள், கையில் இருந்தது மஞ்சள் டேப் என்று. அது உப்புத்தாள் என்பது பிறகுதான் வந்தது. ஆனால் சில நாளிலேயே ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதம், பான்கிராஃப்டுக்கு 9 மாதம் தடை. ஐசிசி கேப்டன் ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஆட்டத் தடை, மீதியைப் போட்டது அவர்கள் சொந்த வாரியம். அதோடு நிறுத்தாமல் வெளியாட்களைக் கூப்பிட்டு வாரியத்தின் நடத்தையையே ஆராயச் சொல்லி, அக்டோபரில் அதை வெளியிட்டார்கள். அதில் அடி விழுந்தது வீரர்களைவிட வாரியத்துக்குத்தான், சில நாளில் வாரியத் தலைவர் டேவிட் பீவர் பதவியை விட்டுப் போனார். எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை, கிளறினால் குறை நிறைய இருக்கும். ஆனால் ரசிகன் கோபப்படுவதற்கு ஒரு காகிதமாவது கையில் இருந்தது.

இதற்கு நேர் எதிர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி. 2017இல் சாம்பியன். எதிரணி கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) பந்து வீசுபவருக்குக் காட்டும் சைகையைக் கேமராவில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் தண்டனை வந்தது: 50 லட்சம் டாலர் அபராதம், மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஒரு வருடத் தடை. உரிமையாளர் அன்றைக்கே இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். சரி, நல்ல ஆரம்பம் என்று நினைத்தால், அடுத்த மாதம் பத்திரிகையாளர் கூட்டத்தில் அதே உரிமையாளர் "இது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்பது எங்கள் கருத்து" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அதைப் பற்றிக் கேட்டால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார், அதே மேஜையில் உட்கார்ந்துகொண்டு. அபராதத் தொகை எல்லோருக்கும் மறந்துவிட்டது, இந்தக் காட்சி மறக்கவில்லை.

பழையபுள்ளி:

தண்டனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்கூடப் படித்த ஒருவன் யுவென்டஸ் என்ற இத்தாலியக் கால்பந்து கிளப்பின் பைத்தியம். 2006இல் நடுவர் நியமனத்தில் தலையிட்ட விவகாரம் வெடித்து, இரண்டு வருடப் பட்டத்தையும் பறித்து, அணியை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார்கள். போதாததற்கு 30 புள்ளி கழிவு, மேல்முறையீட்டில் அது கடைசியாக 9 ஆனது. அந்த ஜூலையில்தான் இத்தாலி உலகக் கோப்பை வாங்கியது. யுவென்டஸ் வீரர்கள் புஃபோன், டெல் பியரோ எல்லாம் உலகச் சாம்பியனாக ஊர் திரும்பி இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். அவன் உடைந்துபோவான் என்று நினைத்தேன். மாறாக, அந்த ஒரு வருடம்தான் அவன் நிம்மதியாக ஆட்டம் பார்த்த வருடம் என்பான். கடன் அடைகிறது என்ற நினைப்பு. (அந்த இரண்டு பட்டத்தையும் சேர்த்தேதான் இன்னும் கிளப் எண்ணுகிறது, அது தனிக் கதை.)

நம் ஆட்களுக்கும் இது புதிது இல்லை. 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்துக்காகச் சென்னை அணி 2016, 2017 இரண்டு சீசனும் வெளியே உட்கார்ந்தது, 2018இல் திரும்பி வந்து கோப்பையும் வாங்கியது. அந்த இரண்டு வருடம் இல்லாமல் வந்திருந்தால் அந்தக் கோப்பை வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள். கடைசிவரிசை விஷயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அந்த எடை முழுக்க அவர் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நிழல்பெஞ்ச்:

எல்லோரும் ரசிகனின் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு நிமிடம் அந்தப் பெண்ணைப் பற்றியும் பேசலாமா? மூன்று புகார் எழுதிவிட்டு, வேறு பிரிவுக்குப் போய், அதே கட்டடத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தெரியுமா? 2010 மே மாதம், வீடியோ பயிற்சியாளர் ஒருவர் தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஓர் இளம் வீரர் சொன்னது மேலிடம் வரை போனது. கூடி உட்கார்ந்து பேசினார்கள். ஐஸ் ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பைக்கான போட்டி நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் எதுவும் செய்யவில்லை. கோப்பை வென்றார்கள், அந்த ஆளும் கோப்பையோடு கொண்டாடினார், பெயரைக் கோப்பையில் பொறித்தார்கள். அப்புறம் சத்தமில்லாமல் வெளியே அனுப்பினார்கள். அவர் வேறு இடத்துக்குப் போய் ஒரு சிறுவனிடம் அத்துமீறிச் சிறைக்குப் போனார். எல்லாம் வெளியே வந்தது 2021இல், வெளியிலிருந்து வந்த வக்கீல்களின் அறிக்கையில். பொது மேலாளர் பதவி விலகினார், 20 லட்சம் டாலர் அபராதம், கோப்பையில் அந்தப் பெயரின் மேல் வரிசையாக எக்ஸ் அடித்தார்கள். 11 வருடம் அந்த வீரர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவர்கள் காப்பாற்றியது எதை? உங்களையும் என்னையும் மாதிரி ஆட்களின் மனநிலையைத்தான். ரசிகர்கள் குழம்பக் கூடாது, அணி கலையக் கூடாது.

அதனால் விசில்ராஜா, அறிக்கை படிக்கவே மாட்டேன் என்று நீங்கள் சொல்வது இருக்கிறதே, அந்த வெள்ளி இரவு அறிக்கையை உங்களை நம்பித்தான் போடுகிறார்கள்.

கடைசிவரிசை, பார்ப்பதா விடுவதா என்பது உங்கள் பாடு. ஆனால் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபத்தைக் கொட்டாதீர்கள், இரண்டே கேள்வி. முதல் புகார் வந்த பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்க முடிவு செய்தவர் யார், அவருக்குப் புகார் தெரியுமா? வெளியாள் யாராவது விசாரித்தார்களா? நகலை ஸ்பான்சருக்கும் அனுப்புங்கள். அடுத்த சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதை, பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். சத்தமில்லாமல் விலகினால் அவர்கள் கணக்கில் அது வெறும் காலி இருக்கை.

ஆஃப்சைடு:

ரொம்பக் கோபம் இருந்தால் இங்கிலாந்தின் விம்பிள்டன் கால்பந்து கிளப் ரசிகர்கள் மாதிரி செய்யலாம். 2002இல் கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், ரசிகர்களே புதுசாக ஒரு கிளப் தொடங்கினார்கள். திறந்தவெளியில் ஆள் எடுத்து, எங்கேயோ அடியில் இருந்த லீக்கில் ஆரம்பித்து 2011இல் தொழில்முறை லீக்கை எட்டினார்கள். அங்கே நடந்தது இது மாதிரி ஊழல் இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்லத் தோன்றியது. 9 வருடம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

விசில்ராஜா:

நிழல்பெஞ்ச் சொன்னது கொஞ்சம் சுட்டது. நான் இன்னும் ஆட்டம் பார்க்கத்தான் போகிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் சட்டை உதாரணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கடைசிவரிசை:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்நடுவர், தெரிந்து மாற்றவில்லை. நீங்கள் சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன், ஒரு மாதிரியாகிவிட்டது.

கடிதம் எழுதிவிட்டேன். நிழல்பெஞ்ச் சொன்ன அந்த இரண்டு கேள்வியோடு மூன்றாவதாக, புகார் கொடுத்தவர் இப்போது எப்படி இருக்கிறார், அவருடைய பழைய வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்டேன். நாலு நிமிடத்தில் பதில் வந்தது, இயந்திரப் பதில். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று தொடங்கி, கீழே அடுத்த சீசன் ஜெர்சிக்கு முன்பதிவு விளம்பரம். ஸ்பான்சரிடமிருந்து மட்டும் நேற்று ஒரு மனிதர் எழுதியது மாதிரி ஒரு பதில் வந்தது, மேலே அனுப்பியிருக்கிறோம் என்று. பார்ப்போம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டவில்லை.

இந்த ஞாயிறு ஆட்டம் பார்க்கவில்லை. ஸ்கோர் மட்டும் பார்த்தேன், 1-1, கடைசியில் பெனால்டியைத் தவறவிட்டிருக்கிறார்கள். முழு ஆட்டமும் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த ஆள் பெஞ்சில் இருந்தாரா?