மறு: ஹைப்பர்வைசர்: மெய்நிகர் கருநிரலா, மீக்கருநிரலா?

வணக்கம். ஹைப்பர்வைசர் என்பது ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடித்தள மென்பொருள்; ஸென் அவற்றில் ஒன்று. மடிக்கணினியில் ஸென் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். கருநிரல் என்பது கெர்னல்.

> கையேட்டில் "மடிக்கணினியில் மெய்நிகர் கருநிரல் தொடங்கவில்லை என்றால்" என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம். ஸென்னில் மெய்நிகரானது எதுவும் இல்லை. கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான கிரப் முதலில் ஏற்றுவது அதைத்தான். செயலிகளையும் நினைவகத்தையும் முதலில் கைப்பற்றுவதும் அதுதான். மெய்நிகர் என்பது அதன்மேல் ஓடும் விருந்தினர் கணினிகளுக்கு உரிய அடைமொழி.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. "மெய்நிகர்" என்று தலைப்பில் பார்த்ததும் படிப்பவர் நேரே பயாஸுக்குள் போய் விடி-எக்ஸ் (இன்டெல் செயலியின் மெய்நிகராக்க வசதி) தேர்வைத் தேடுவார். ஆனால் ஸென்னின் வழக்கமான டொம்0 (ஸென் முதலில் தொடக்கும், மற்றவற்றை நிர்வகிக்கும் களம்) பாரா மெய்நிகராக்க முறையில், அதாவது செயலியின் அந்த வசதி இல்லாமல் கருநிரலே ஸென்னோடு ஒத்துழைக்கும் முறையில், ஓடுவது. விடி-எக்ஸ் அணைந்திருந்தாலும் அது எழுந்து நிற்கும். பிறகு முழு மெய்நிகராக்கம் கேட்கும் விருந்தினர் கணினிகள்தான் தொடங்காது. கறுப்புத் திரைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே தொடக்கத்தில் இரண்டு கருநிரல்கள் அடுத்தடுத்து எழுகின்றன: முதலில் ஸென், பிறகு டொம்0-இன் லினக்ஸ். நின்றது எது என்று பிரித்துச் சொல்லும் பெயர்தான் நமக்கு வேண்டும். கிரப் பட்டியலில் ஸென் வரிமேல் நின்று 'இ' விசையை அழுத்தினால் இரண்டும் கண்ணெதிரே தெரியும். மல்டிபூட்2 என்று தொடங்கும் வரி ஸென்னுக்கு. அதன் கீழே மாட்யூல்2 என்று தொடங்கும் முதல் வரி லினக்ஸுக்கு. அடுத்த மாட்யூல்2 லினக்ஸின் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-க்கு. பலர் இடறுவது இங்கேதான். "நோரீபூட்" (பழுதானால் மறுதொடக்கம் வேண்டாம்), "விஜிஏ=கீப்" (திரையை விட்டுவிடாதே) இரண்டும் மல்டிபூட்2 வரியின் கடைசியில் சேர வேண்டியவை. லினக்ஸ் வரியில் சேர்த்தால் ஸென் அவற்றைப் பார்ப்பதே இல்லை. பழையபடி சில நொடிகளில் மறுதொடக்கம் ஆகிவிடும், பிழைச்செய்தி படிக்கக் கிடைக்காது. "நோமோட்செட்" (வரைகலை இயக்கி திரை முறையை மாற்ற வேண்டாம்) இதற்கு நேர்மாறு, லினக்ஸ் வரிக்கே உரியது. சேர்த்தபின் எஃப்10.

இப்போது திரையில், விஜிஏ திரையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாக ("விஜிஏ=கீப்" கொடுக்காவிட்டால், விட்டுக்கொடுப்பதாக) ஸென் எழுதும் வரியைத் தேடுங்கள். அந்த வரி வருமுன் நின்றால் பழுது ஸென்னின் பக்கம். மடிக்கணினிகளில் முதலில் ஐயப்பட வேண்டியது ஐஓஎம்எம்யு (சாதனங்கள் நினைவகத்தை அணுகுவதைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்; இன்டெல்லில் அதன் பெயர் விடி-டி): பயாஸ் தரும் விடி-டி அட்டவணை பிழையாக இருக்கலாம். "ஐஓஎம்எம்யு=நோ-ஐஜிஎஃப்எக்ஸ்" கொடுத்து இன்டெல் உள்ளமை வரைகலையை மட்டும் விலக்கிப் பாருங்கள்; எழாவிட்டால் "ஐஓஎம்எம்யு=ஆஃப்". பின்னது சோதனைக்கு மட்டுமே, ஏனென்றால் சாதனங்களை விருந்தினருக்குப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வசதி அதோடு போய்விடும். அந்த வரி வந்தபின் நின்றால் பழுது லினக்ஸின் பக்கம்: வரைகலை இயக்கி, டொம்0 ஆதரவு இல்லாமல் தொகுத்த கருநிரல் (மூல லினக்ஸில் அந்த ஆதரவு 2011-இல், 3.0 பதிப்பில்தான் முழுமையாக வந்தது), அல்லது நினைவகப் பற்றாக்குறை. டொம்0-க்கு நினைவகத்தை வரையறுக்கும்போது 2048எம் என்பதோடு "மேக்ஸ்:2048எம்" என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கணினியின் மொத்த நினைவகத்துக்கும் கணக்கேடு வைக்கவே லினக்ஸ் இருக்கும் கொஞ்சத்தைச் செலவழிக்கும்.

ஸென்னின் ஒரு வரிகூட வராமல் கிரப்பிலேயே பிழை வந்தால், தொடக்கத்தில் கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பு வசதியான செக்யூர் பூட்டைப் பாருங்கள். ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாத ஸென்னை அது உள்ளே விடாது.

> "மீகாமன்" என்று வைத்தால் என்ன? பழந்தமிழ்ச் சொல், அழகாகவும் இருக்கிறது.

அழகில் குறையில்லை. ஆனால் மீகாமன் கப்பலோட்டி. குபர்நெட்டீஸ் என்ற மென்பொருளின் பெயரும் அதே பொருள் தரும் கிரேக்கச் சொல். அதைத் தமிழாக்கும் நாளில் இந்தச் சொல் தேவைப்படும். அங்கே விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு "மீக்கருநிரல்". இயங்குதளக் கருநிரலுக்குப் பழைய பெயர் சூப்பர்வைசர். அதற்கும் மேற்பட்ட அதிகாரம் உடையது என்பதால்தான் ஹைப்பர்வைசர். அந்த 'மேற்பட்ட' என்ற பொருளை 'மீ' அப்படியே தருகிறது. மீயுரை, மீயிணைப்பு என்று ஏற்கெனவே பழகிய முன்னொட்டு. ககரம் மிகுமா என்று கேட்டவருக்கு: குறள் 386-இல் "மீக்கூறும்" என்றே வருகிறது. மென்பொருள் அடுக்கில் கீழே கிடப்பதை 'மீ' என்பதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அதிகாரத்தில் மேல் என்று கொண்டால் முரண் இல்லை.

டொம்0-க்குச் "சுழியக்களம்" சரியாக இருக்கும். களம் என்பது டொமைனுக்குப் புழக்கத்தில் உள்ளதுதான். கையேட்டின் தலைப்பை இரண்டாகப் பிரிக்கலாம்: "மீக்கருநிரல் தொடங்காதபோது", "சுழியக்களக் கருநிரல் தொடங்காதபோது". டெபியன் லினக்ஸின் கிரப் அமைப்புக் கோப்புகளிலும் ஸென்னுக்கு ஒரு வரி, லினக்ஸுக்கு ஒரு வரி என்று தனித்தனியே இருப்பதால், எந்தத் தலைப்பின் கீழ் எந்த வரியைத் திருத்துவது என்பதும் தெளிவாகிவிடும்.

"விருந்தினர்" என்பதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள். உயர்திணைச் சொல் என்பதால் "விருந்தினர் தொடங்கவில்லை" என்று எழுதும்போது நெருடுகிறது.