எம்ஜிபி ஜிடி: ஹீட்டர் மேட்ரிக்ஸ் ஒழுகுகிறது, அடைப்பு மருந்து ஊற்றலாமா?

பச்சை_ஜிடி (ஹேரோ, லண்டன்):
வணக்கம். என்னிடம் இருப்பது 1972 எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஹீட்டரைப் போட்டதும் முன்கண்ணாடியின் உள்பக்கம் மூட்டம் படிகிறது. துடைத்தால் போகாமல் பிசுபிசுவென்று இழுபடுகிறது. பாகு காய்ச்சுவது போல ஒரு இனிப்பு வாசனை வேறு. கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் மழையில்லாத வாரத்திலும் ஈரமாக இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. இங்கே ஒரு கராஜில், ஒழுக்கை அடைக்கும் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றினால் போதும் என்கிறார்கள். ஊற்றலாமா? அப்பா ஆசையாக வைத்திருந்த கார், கெடுத்துவிடப் பயமாக இருக்கிறது.

ஸ்பேனர் (லெஸ்டர்):
தம்பி, தயவுசெய்து ஊற்றாதீர்கள். அந்தத் திரவம் ஓட்டை எது, வழி எது என்று பார்க்காது. மேட்ரிக்ஸின், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரின், மெல்லிய குழாய்களில்தான் முதலில் படியும். ஒழுக்கு நின்றாலும் சூடு வராது. அப்புறம் ரேடியேட்டருக்கும் அதே கதி.

இந்தக் காரில் கார்ப்பெட் நனைய இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் அறையின் வடிகால் குழாய் இலைதழை சேர்ந்து அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். ஆனால் அதில் பிசுக்கும் இனிப்பு வாசனையும் இருக்காது. நீங்கள் சொல்வது கூலன்ட்தான், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் ஆன்டிஃப்ரீஸ் கலந்த தண்ணீர். மேட்ரிக்ஸைக் கழற்றியே ஆகவேண்டும்.

எம்ஜிபியில் ஹீட்டர் பெட்டி பானட்டுக்குக் கீழே, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. டாஷ்போர்டு முழுவதையும் பிரிக்கிற வேலை இல்லை என்பது பெரிய ஆறுதல். எஞ்சின் ஆறியபின் கூலன்டை வடித்து, இரண்டு ஹோஸ்களையும் மோட்டார் வயரையும் கழற்றி, பெட்டியின் விளிம்பிலுள்ள திருகுகளை எடுங்கள். பலரும் சிக்குவது இதற்கு அப்புறம்தான். கண்ணாடிக்குச் சூடு கொண்டுபோகும் குழாய்கள் காருக்குள்ளிருந்து பெட்டிக்குள் செருகியிருக்கும். அவற்றைக் கீழே உருவி, ஹீட்டரின் கட்டுப்பாட்டுக் கேபிளையும் விடுவித்தால்தான் பெட்டி மேலே வரும். பழைய ஃபோம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் மெதுவாக அசைத்து எடுங்கள். நெம்பினால் தகடு கோணிவிடும்.

புது மேட்ரிக்ஸ் சுலபமாகக் கிடைக்கிறது. எம்ஜிபி தயாரான அபிங்டன் தொழிற்சாலை 1980இலேயே மூடிவிட்டாலும் இந்தக் காருக்குப் பாகங்கள் பஞ்சமில்லை. பழையது பித்தளையாக இருந்தால் ரேடியேட்டர் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், சில நேரம் ஈயம் வைத்தே சரிசெய்துவிடுவார்கள். எதுவானாலும் மாட்டுவதற்கு முன் ஒரு வாயை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, லேசாகக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம்.

மேட்ரிக்ஸைச் சுற்றிப் புதுப் பஞ்சு வைப்பது கட்டாயம். வைக்காவிட்டால் காற்று மேட்ரிக்ஸின் வழியாகப் போகாமல் ஓரமாகப் போய்விடும். 'மாற்றியும் சூடு இல்லை' என்று வருகிறவர்களில் பாதிப்பேர் இதை விட்டவர்கள்தான்.

பச்சை_ஜிடி:
மிக்க நன்றி அண்ணா. பாகம் வரும்வரை ஓட்டலாமா? ஹீட்டர் வால்வை மூடிவிட்டால் போதுமா?

ஸ்பேனர்:
போதாது. அந்த வால்வு உள்ளே போகும் வழியை மட்டும்தான் மூடும். திரும்பும் குழாய் கீழ் ரேடியேட்டர் ஹோஸோடு சேர்ந்திருப்பதால் அழுத்தம் அந்தப் பக்கமாக வந்துகொண்டேயிருக்கும், ஒழுக்கும் நிற்காது. இரண்டு ஹோஸ்களையும் ஹீட்டரிலிருந்து எடுத்துவிட்டு, வால்வின் வாயிலிருந்து திரும்பும் குழாய்க்கு ஒரே ஹோஸாக இணைத்துக் கிளிப் போடுங்கள். சூடும் இருக்காது, கண்ணாடி மூட்டமும் எளிதில் விலகாது. அதனால் குளிர் காலையில் எடுக்காதீர்கள்.

மினி_பிரியை (கொவென்ட்ரி):
வீட்டில் நாய், பூனை இருந்தால் வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விடவே விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெடும். கார்ப்பெட்டையும் அடிப்பஞ்சையும் வெளியே எடுத்து அலசிக் காயப்போடுங்கள். ஈரத்தோடு விட்டால் தரைத் தகடு துருப்பிடிக்கும்.

ஸ்பேனர்:
தங்கை சொல்வது முக்கியம். திரும்ப நிரப்பும்போது பழைய கார்களுக்கான நீல ஆன்டிஃப்ரீஸையே ஊற்றுங்கள். வால்வை முழுக்கத் திறந்துவைத்து மெதுவாக நிரப்பினால் காற்று அடைக்காது. எஞ்சின் சூடானதும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.