கோட்டை மதில் திருத்த ஒப்பந்தக்காரர் தெரிவு: திருமலையில் வேலை கண்டவர்களின் அனுபவங்கள்

கொட்டியாரம்
பழைய கற்சுவர் வேலைக்கு ஆளைத் தெரிவு செய்வது பற்றி, தளத்தில் கண்டதை வைத்து எழுதுங்கள். திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையின் கடல்பக்க மதில் போன்ற ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இடுக்குச் சாந்து உதிர்ந்திருக்கிறது, ஓரிடத்தில் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, உச்சியில் ஆலங்கன்று. தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் அசைக்க முடியாது என்பது தெரிந்ததே. அனுமதி வந்தபின் விலைமனுக் கோரும்போது, நிர்மாணத்துறை அதிகாரசபையான சீடா ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தரத்தைப் பார்த்தால் போதுமா?

திருமலைக் கணியம்
போதாது. சி1 முதல் சி9 வரையான தரமும் அதற்கு மேலுள்ள சிஎஸ் தரங்களும் சொல்வது ஒன்றைத்தான்: இவர் எவ்வளவு பெரிய தொகைக்கு வேலை எடுக்கலாம். நல்ல தரத்தில் இருப்பவர் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் கட்டியிருப்பார், பாலம் போட்டிருப்பார். சுண்ணாம்புச் சாந்து பிடிக்கிற மேசன் ஒருவர்கூட அவரிடம் இருக்கமாட்டார். கொந்தராத்து கிடைத்ததும் துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பார், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். கடைசியில் சாரத்தில் ஏறுபவர் நேற்றுவரை புளொக் கல் கட்டியவர்.

ஆகவே கம்பனியைவிட மேசனைத்தான் தெரிவு செய்ய வேண்டும். விலைமனுப் பத்திரத்திலேயே தலைமை மேசன், கல்தச்சர், தள மேற்பார்வையாளர் மூவரின் பெயரையும், அவர்கள் சுண்ணாம்பில் செய்த வேலைகளையும் கேளுங்கள். பெயர் கொடுத்தவரை மாற்றுவதானால் எழுத்தில் அனுமதி வேண்டும், புதியவர் மீண்டும் மாதிரித் துண்டு செய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். யாழ்ப்பாணக் கோட்டையில் நெதர்லாந்து அரசின் உதவியோடு நடந்த திருத்த வேலையில் கை பழகிய மேசன்மார் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைக் கூட்டி வருகிற சிறிய ஒப்பந்தக்காரர் பெரிய தரத்துக்காரரைவிட மேல். முடித்த வேலை என்று படம் காட்டினால் ஏற்கவேண்டாம். குறைந்தது இரண்டு வாடை மழை (வடகீழ்ப் பருவமழை) கண்ட சுவரை நேரில் போய்ப் பாருங்கள்.

விலைமனுவைத் தொழில்நுட்பம், விலை என்று இரண்டு உறையாக வாங்குவதற்குப் பெறுகைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் எடுங்கள். தொழில்நுட்ப உறையில் தேறியவருடைய விலை உறையை மட்டும் திறக்கலாம். குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி அப்போது பாதி குறையும்.

கச்சான்
வேலை கொடுக்குமுன் செய்வித்துப் பார்க்கும் மாதிரித் துண்டு பற்றி கணியம் அண்ணை சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். 1 மீற்றருக்கு 1 மீற்றர், அதே சுவரில், கண்ணில் படாத தாழ்வான இடத்தில். அதற்குக் கூலி கொடுங்கள், ஓசியில் கேட்டால் ஓசி வேலைதான் வரும். செய்து நாலு கிழமை கழித்துப் பாருங்கள். சாந்து கல்லின் முகத்தில் வழிந்து பூசியிருக்கிறதா? விளிம்பில் மயிர் வெடிப்பு இருக்கிறதா? இடுக்கைத் தோண்ட கிரைண்டர் பிடித்திருந்தால் கல்லின் ஓரத்தில் நேர்கோடாக வெட்டு நிற்கும். அதைக் கண்டால் அந்த ஆள் வேண்டாம். உளியும் சிறு சுத்தியலும்தான். தோண்டும் ஆழம் இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது.

சுண்ணாம்புக்குழி
எல்லாரும் மேசனைப் பற்றி எழுதுகிறீர்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்னமே, சுண்ணாம்பில்.

ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த மாதமே வேலை தொடங்க வேண்டும் என்றால் ஒப்பந்தக்காரர் எந்தச் சுண்ணாம்பைக் கொண்டு வருவார்? கடையில் பைக்குள் இருக்கிற தூளைத்தான். எத்தனை மாதம் காற்றுப்பட்டுச் செத்துப்போனது என்று யாருக்கும் தெரியாது. பிடிப்பு வராதபோது இரகசியமாக ஒரு சட்டி சீமெந்து போடுவார். அதற்காக அவரைத் திட்டிப் பலனில்லை, கால அட்டவணை அப்படி.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி, தண்ணீரில் போட்டு நீற்றி, தண்ணீர் மூடிய குழியில் குறைந்தது மூன்று மாதம் ஊறவிட வேண்டும். இதை வேலை கொடுப்பவரே விலைமனுக் கோருமுன் தனி வேலையாகச் செய்துவிடலாம். கணக்கு பெரிதில்லை. இடுக்கு சராசரி 25 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம், ஒரு சதுர மீற்றரில் 12 மீற்றர் நீள இடுக்கு என்று வைத்தால் சதுர மீற்றருக்கு 15 லீற்றர் சாந்து. 100 சதுர மீற்றருக்கு 1.5 கன மீற்றர். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையில், சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் அடங்கிவிடுவதால், அதற்கு ஊறிய சுண்ணாம்பு அரைக் கன மீற்றர் போகும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு 2 முதல் 2.5 லீற்றர் களி தரும். ஆக 200 முதல் 250 கிலோ. சேதாரத்துக்கும் ஆழமான பொந்துகளுக்கும் சேர்த்து இரட்டிப்பாக நீற்றி வையுங்கள். மிஞ்சினால் கெடாது, தண்ணீர் மேலே நின்றால் சரி.

நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பு போக வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு பீப்பா சுத்தமான தண்ணீர். கோட்டைக்குள் மான்கள் திரிவது திருமலையார் எல்லோருக்கும் தெரியும். குழியைச் சுற்றி வேலி, மேலே பலகை மூடி இல்லாமல் ஒரு இரவும் விடக்கூடாது.

என்ன கல்லில் சுட்டது என்பதையும் கேளுங்கள். முருகைக்கல் சுண்ணாம்பு பழைய கட்டடத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதும் சுடுவதும் 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடு தடை. "உள்ளூர்ச் சரக்கு, மலிவு" என்று யாராவது கொண்டு வந்தால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். மலைநாட்டுத் தொலமைற்றுச் சுண்ணாம்பில் மக்னீசியம் அதிகம், அது மெதுவாக நீறும். ஊறாமல் பாவித்தால் சுவரில் போனபின் நீறி, சாந்து பொரிந்து தெறிக்கும். கல்சியம் மிகுந்த சுண்ணாம்புக்கல்லில் சுட்டது கிடைத்தால் அதையே எடுங்கள்.

மணல் கடல் மணலாக இருக்கவே கூடாது. மகாவலிப் பக்கத்து ஆற்று மணலென்றாலும் அனுமதிப்பத்திரம் பாருங்கள், கழுவிச் சலித்து எடுங்கள். எல்லாம் ஒரே பருமனான மணி என்றால் சாந்து நிற்காது. பொடியிலிருந்து 4 மி.மீ. வரை கலந்திருக்க வேண்டும்.

கணியம் மகள்
ஐயா, பழைய சாந்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் கலவை விகிதம் எடுத்தால் அதையே பின்பற்றலாமா? அமிலத்தில் கரைத்து மிச்ச மணலை நிறுத்துத் தருகிறார்கள்.

சுண்ணாம்புக்குழி
பிள்ளை, அந்த அறிக்கையை அப்படியே நம்பினால் ஏமாறுவீர்கள். பழைய சாந்தில் சிப்பித் தூளும் முருகைக்கல் நொறுங்கலும் மணலாகக் கலந்திருந்தால் அவையும் அமிலத்தில் கரைந்துவிடும். அறிக்கை "சுண்ணாம்பு ஒன்று, மணல் ஒன்று" என்று வரும், உண்மை அதுவாக இருக்காது. கரைப்பதற்கு முன் உடைத்த துண்டை உருப்பெருக்கியில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். செங்கல் தூள் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

பின்குடா
சீமெந்து ஏன் ஆகாது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. கடலுப்பு சுவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. காற்றில் ஈரம் 75 வீதத்துக்கு மேல் போனால் சோற்றுப்பு நீராகும், கீழே வந்தால் மணியாகும். இரவு ஒன்று, கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் பகல் இன்னொன்று, ஆண்டு முழுக்க இதே கூத்து. சுண்ணாம்பு இடுக்கென்றால் உப்பு இடுக்கு வழியே வெளியேறும், தேய்வது சாந்து. சீமெந்தால் அடைத்தால் உப்பு கல் வழியே வரும், தேய்வது கல். சாந்தைத் திரும்பப் போடலாம், 17ஆம் நூற்றாண்டுக் கல்லை எங்கே வாங்குவது?

கள்ளமாகச் சீமெந்து சேர்த்தால் பிடிபடும். அடுத்த நாள் காலை ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்பென்றால் கோடு விழும். கீறல் விழாமல் சாம்பல் நிறம் காட்டினால் அன்றைய வேலை முழுவதையும் தோண்டச் சொல்லுங்கள். அப்படித் தோண்டும் செலவு ஒப்பந்தக்காரருடையது என்று முன்னமே எழுதியிருக்க வேண்டும்.

திருமலைக் கணியம்
அந்த எழுத்துத்தான் என் வேலை. கணியச் சிட்டையில், அதாவது வேலையின் அளவும் விலையும் எழுதும் பட்டியலில், "இடுக்கு நிரப்புதல், சதுர மீற்றர்" என்று போட்டால் மேசன் தோண்டமாட்டார், மேலே வழித்துவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போவார். அவருக்குப் பரப்புக்குத்தானே காசு? நீள மீற்றரில், ஆழத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: 50 மி.மீ. வரை, 50 முதல் 100 வரை, 100க்கு மேல். கடைசி வகையில் சிறு கல் ஆப்பு வைத்து இறுக்குவதும் சேரும். தோண்டி முடிந்ததும் வேலை நிற்க வேண்டும். படம் எடுத்து, ஆழம் அளந்து, மேற்பார்வையாளர் ஒப்பமிட்டபின்தான் சாந்து. எல்லாக் கணியமும் தற்காலிகக் கணியம், அளந்து கொடுப்பது என்று தெளிவாகப் போடுங்கள். பழைய சுவரில் மொத்த விலை பேசினால் இரண்டில் ஒரு பக்கம் கட்டாயம் ஏமாறும்.

விலையைப் பார்த்தே ஆளை மதிக்கலாம். ஒரு மேசனும் ஒரு கையாளும் ஒழுங்காகத் தோண்டி, கழுவி, நிரப்பினால் நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதுர மீற்றர்தான் முடியும். கூலிப் பகுப்பாய்வில் எட்டு, பத்து என்று எழுதியிருப்பவர் சீமெந்துப் பூச்சை மனதில் வைத்திருக்கிறார்.

சாரம்
வயிறு தள்ளிய பகுதியை இந்த ஒப்பந்தத்தோடு சேர்க்காதீர்கள். முதலில் பொறியியலாளர் பார்க்க வேண்டும். கோட்டை மதில் என்பது முன்னால் கல், பின்னால் மண். மேலே தண்ணீர் இறங்குகிற வழி அடைபட்டால் மண் ஊதி முகக் கல்லைத் தள்ளும். அப்போது முகத்தில் சாந்து பூசுவது தண்ணீர் வெளியேற இருந்த கடைசி வழியையும் அடைப்பது. வெடிப்புக்குக் குறுக்கே அளவுக் குறி வைத்து ஒரு மழைக்காலம் முழுவதும் பாருங்கள். அசையவில்லையென்றால் மேல்தள வடிகாலைச் சரிசெய்து, உள்ளே பொந்து இருக்கும் இடத்தில் நீர்ச் சுண்ணாம்புக் (ஈரத்திலும் இறுகும் சுண்ணாம்பு) குழம்பை ஏற்றலாம். கீழிருந்து மேலே, சுமார் அரை மீற்றருக்கு ஒரு துளை, வாளியை உயரத்தில் வைத்துத் தானாக இறங்கும் அழுத்தம் போதும். பம்ப் வைத்து அடித்தால் முகக் கல் பெயர்ந்து வரும். அசைகிறதென்றால் ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் எழுதி, படம் எடுத்து, பிரித்துக் கட்டுவதுதான் வழி. அதற்கு முட்டுக் கொடுத்துப் பழகிய ஆள் வேண்டும்.

ஆலங்கன்றைப் பிடுங்கவே வேண்டாம். வேர் சுவருக்குள் இரண்டு கல் தாண்டிப் போயிருக்கும், இழுத்தால் கல்லோடு வரும். அடியில் அறுத்து, அறுத்த முகத்தில் பச்சை காயுமுன் களைகொல்லி தடவி, முழுதாகச் செத்தபின் வேரை வெட்டி எடுத்து அந்தப் பொந்தைச் சாந்தால் நிரப்புங்கள்.

இன்னொன்று: சாரக் கம்பு நட சுவரில் ஓட்டை போடுகிற பழக்கம். தானாக நிற்கும் இரும்புச் சாரம், அடியில் பாரம் என்று விலைமனுவிலேயே தனி உருப்படியாக வையுங்கள். விலை போடாவிட்டால் ஓட்டைதான் போடுவார்கள்.

கோணமலை வாசல்
திருமலைக்கே உரிய சில சிக்கல்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. வேலையாட்களின் அடையாள அட்டை விபரம், வாகன இலக்கம் எல்லாம் முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். அன்றன்று ஆள் மாற்றுகிற ஒப்பந்தக்காரரால் இங்கே ஓட முடியாது. ஒரு வகையில் இது நல்லதுதான், பெயர் கொடுத்த மேசனே வருவார். கோணேசர் கோயிலுக்குப் போவதும் அதே வாசலால்தான். சிவராத்திரிக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் வாசலில் சாரம் நிற்கக்கூடாது, அந்த நாட்களை ஒப்பந்தக் காலத்தில் முன்னமே கழித்துவிடுங்கள்.

போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து அதன் கல்லையும் சேர்த்துத்தான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் இரட்டை மீனும் "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் எழுத்தும் இருக்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் கோடு போட்டு, தொடவேண்டாத பகுதி என்று குறியுங்கள். கழுவலும் இல்லை, வர்ணமும் இல்லை. பிரிக்கிற சுவருக்குள் செதுக்கிய கல் கிடைக்கவும் கூடும். கிடைத்தால் வேலையை நிறுத்தித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நிறுத்திய நாட்களுக்குக் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்தக் கல்லைத் திரும்ப உள்ளே வைத்துப் பூசிவிடுவார்கள். ஒருவரும் அறியமாட்டார்.

கொட்டியாரம்
கோயில் கருங்கல் வேலை செய்கிற ஆசாரிமாரை எடுத்தால் என்ன?

கச்சான்
உடைந்த வாசல் கல்லுக்கு ஒட்டுக் கல் செதுக்க அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஒழுங்கில்லாத கல்லை அடுக்கிச் சாந்து பிடிப்பது வேறு தொழில். அவர்கள் கை புதுக் கல்லைப் பளிச்சென்று ஆக்கப் பழகியது, பழைய முகத்தையும் கொத்திப் புதிதாக்கிவிடுவார்கள். ஒரு குழுவில் ஒரு கல்தச்சர், மூன்று சுண்ணாம்பு மேசன்மார் என்று கலந்து எடுங்கள். இரும்புக் கவ்வி துருப்பிடித்துக் கல்லை வெடிக்கவைத்த இடத்தில் 316 தரத் துருவேறா உருக்குத்தான், வெறும் 304 கடற்கரைக்குத் தாங்காது.

பின்குடா
காலம் பற்றி யாரும் எழுதவில்லை. பணம் ஆண்டு நடுவில் விடுபடும், விலைமனு ஆடி ஆவணியில் முடியும், வேலை ஐப்பசியில் தொடங்கும், அப்போது வாடை மழை. பிடிக்காத சுண்ணாம்பு அப்படியே கழுவிப் போகும். இங்கே நல்ல காலம் மாசியிலிருந்து. வைகாசிக்குப் பிறகு கச்சான் பச்சைச் சாந்தின் ஈரத்தை ஒரே பகலில் உறிஞ்சும், சாந்து மாவாகும். சுவரை முதல் நாளே நனைத்து, நிரப்பியபின் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, குறைந்தது ஏழு நாள் தினமும் மூன்று நேரம் தெளிக்க வேண்டும். தெளிக்கிற ஆளுக்குச் சிட்டையில் தனி உருப்படி வையுங்கள், ஞாயிறும் சேர்த்து. தெளிக்கிற தண்ணீர் கிணற்று உவர் நீராக இருந்தால் நீங்களே உப்பு ஏற்றுகிறீர்கள், பவுசர் தண்ணீருக்கும் விலை போடுங்கள்.

திருமலைக் கணியம்
ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்த பணத்தின் இரண்டாம் பாதியையும் அந்த வாடையோடு கட்டுங்கள். குறைதிருத்தக் காலம் 365 நாள் என்று மட்டும் எழுதாமல், "ஒரு முழு வடகீழ்ப் பருவமழை முடிந்து, மாசியில் கூட்டாகச் சுவரைப் பார்வையிட்டபின்" என்று சேருங்கள். சில ஒப்பந்தக்காரர் இதைக் கண்டதும் விலைமனுவே போடமாட்டார்கள். போகட்டும்.